சேலம் விமான நிலையத்தை நான்காவது முறை மூடிவிடாதீர்கள்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும்,

வணக்கம்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் 1993 முதல் நடந்ததெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. முதலில் வந்த என்.இ.பி.சி. விமான நிறுவனத்தின் சேவை சீக்கிரமே நின்றது. 2009இல் வந்த கிங்ஃபிஷர் 2011இல் போனது. சிறு ஊர்களுக்கு விமானம் ஓட்டும் நிறுவனங்களுக்கு அரசு மானியம் தரும் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று தொடங்கிய ட்ரூஜெட் 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. அப்போது தொடங்கிய உடான் வழித்தடங்களுக்கான மூன்றாண்டு மானியக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் சொல்லுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

இது வீண் பயம் அல்ல. உடான் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 371தான் தொடங்கின, அவற்றில் 112 தடங்களே மூன்று ஆண்டுகளை முடித்தன, மானியம் நின்ற பிறகும் ஓடியவை 54 மட்டுமே என்று 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்திருக்கிறார்.

சேலத்தில் ஆளில்லை என்ற பதில் வரும். ஆள் எப்படி இல்லாமல் போகிறது என்பதைப் பாருங்கள். 2023இல் சேவை மீண்டபோது, விமானி ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்து இறங்கும் முறைதான் இங்கே இருந்தது. அதற்கு 5 கி.மீ. தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழிக் காலையில் சேர்வராயன் மலை அடிவாரத்தில் மூட்டம் விலகாவிட்டால் அந்த அளவு கிடைக்காது. விமானம் பெங்களூரிலிருந்தே கிளம்பாது. கிளம்பினாலும் மேலே வட்டமடித்துவிட்டுத் திரும்பிவிடும். பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கோவை விமான நிலையத்துக்கு 160 கி.மீ. காரில் ஓட வேண்டும். ஹைதராபாத்தில் மாறி ஏற வேண்டிய அடுத்த விமானம் போயே போய்விடும். இரண்டு முறை இப்படி அலைந்தவர் அடுத்த முறை கோவையிலிருந்தே டிக்கெட் போடுவார். பிறகு அந்தக் காலி இருக்கையைக் காட்டித்தான் சேலம் கட்டுப்படியாகாது என்கிறீர்கள்.

மூடுவது சுலபம், திறப்பது அப்படியல்ல. எழுபது இருக்கை கொண்ட சிறு விமானமான ஏடிஆர்-72 இறங்கும் இடத்தில், விமானத்தின் அளவை வைத்து வகுத்த ஐந்தாம் வகைத் தீயணைப்பு வசதி வேண்டும்: மூன்று நிமிடத்துக்குள் ஓடுதளத்தின் எந்த முனைக்கும் போய்ச் சேரும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். சேவை நின்றால் ஆட்கள் கலைந்துபோவார்கள். இறங்குபாதை விளக்குகளின் கோணத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும், பாதுகாப்பு அனுமதி புதிதாக வாங்க வேண்டும். 2021இல் நின்ற சேவை மீள இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனதை நீங்கள் மறந்திருக்க முடியாது.

இதற்கிடையில் ஓடுதளத்தை நீட்ட 570 ஏக்கர் என்று பொட்டிபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகளை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடாமல் வைத்திருக்கிறீர்கள். 1,800 மீட்டர் ஓடுதளம் ஏடிஆருக்குத் தாராளம். இருக்கிற தளத்தில் எழுபது இருக்கை விமானத்தைத் தொடர்ந்து ஓட்டிக் காட்டாமல், பெரிய விமானத்துக்கென்று விளைநிலத்தைக் கேட்பதில் என்ன நியாயம்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது பெரிய காரியம் அல்ல. மானியத்தில் 80 சதவீதம் மத்திய அரசும் 20 சதவீதம் மாநில அரசும் தருகின்றன. அதை ஒரே நாளில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறையுங்கள். மூட்டத்தால் ரத்தான நாட்களைப் பயணிகள் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, தடம் தாங்குமா தாங்காதா என்று முடிவு செய்யுங்கள்.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்று தொடங்குகிறது. அதில் விமானம் இறங்கி ஏறுவதற்கான நேரத்தை விமான நிறுவனங்கள் பல மாதம் முன்பே கேட்டு வாங்க வேண்டும். ஆகவே 2026 அக்டோபருக்குப் பிறகான ஏற்பாட்டை, நிறுவனங்கள் விண்ணப்பிக்கும் முன்பே, எழுத்தில் அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஓமலூர் வட்டாரப் பயணிகள்