சராசரிக்குள் மறையும் இரவு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஒலி விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கு மேல்தான் வந்து போகின்றன. ஒன்று தாழப் பறந்தால் போதும், சமையலறையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். என் பேத்தி கண் திறக்காமலே காதைப் பொத்திக்கொள்வாள். மூன்று வயதில் தூக்கத்துக்குள்ளேயே அது பழகிவிட்டது.

விமானமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. என் குறையெல்லாம் 2018இல் நீங்கள் வகுத்த அளவுகோலைப் பற்றித்தான்.

ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களின் ஒலி மண்டலத்தில், அதாவது விமான இரைச்சல் எட்டும் சுற்றுப்பகுதியில், பகலுக்கு 70 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 65 டெசிபல் என்று வரம்பு வைத்தீர்கள். சரி, ஆனால் அது சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இரவில் 30 விமானங்கள், ஒவ்வொன்றும் 20 விநாடி 80 டெசிபலில் இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 நிமிடம். அந்த ஒலியாற்றலை 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் சுமார் 63 டெசிபல்தான் வரும். விதி மீறப்படவில்லை! வீட்டில் படுத்தவர்களோ கால் மணிக்கு ஒருமுறை திடுக்கிட்டு விழித்திருப்பார்கள். தூக்கத்தைக் கெடுப்பது சராசரி இல்லை, அந்த ஒவ்வோர் இரைச்சலும்தான்.

இதே அரசின் 2000ஆம் ஆண்டு விதியில் குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபல். 45க்கும் 65க்கும் உள்ள தூரம் வெறும் 20 இல்லை. டெசிபல் 10 கூடினாலே ஒலியாற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. விமான ஒலிக்கு இரவில் 40 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டி சொன்னதும் அதே 2018இல்தான்.

பிராங்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணை விமானங்களே கிடையாது. அது இங்கே நாளைக்கே நடக்காது, தெரியும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. சராசரியோடு கூட, இரவில் எத்தனை விமானம், ஒவ்வொன்றின் உச்ச ஒலி எவ்வளவு என்பதையும் விதியில் சேருங்கள். ஓடுபாதை முனையோடு நிற்காமல் பம்மல், அனகாபுத்தூர் வீட்டு மாடிகளிலும் கருவி வையுங்கள். பதிவாகும் எண்களை அந்தந்த ஊர்க்காரர்கள் தமிழில் படிக்கும்படி தினமும் வெளியிடுங்கள். அப்புறம், ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பாருங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பொழிச்சலூர்வாசி ஒருவர்