அம்மா, லிஸ்டைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு வாங்கோ

அன்புள்ள அம்மாவுக்கு,

இஞ்ச சுவிஸில நாங்கள் எல்லாரும் சுகம். சின்னவனுக்கு இருந்த தடிமன் மாறீட்டுது, மூத்தவளுக்கு முன்பல்லு ரெண்டு ஆடுது, காணுற ஆக்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரியிறாள். நீங்கள் போட்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டனான். நானும் வொய்ஸாத்தான் பதில் போட்டிருக்கலாம், ஆனா நான் வாய் திறந்தாலே சின்னவன் ஃபோனைப் பறிச்சுக்கொண்டு "அம்மம்மா மாடு காட்டுங்கோ" எண்டு துவங்கிடுவான், அதுதான் ரெண்டும் படுத்தாப்பிறகு இருந்து எழுதுறன், தம்பி வாசிச்சுக் காட்டுவான்தானே.

விசா வந்திட்டுது எண்டு கேட்ட உடன எனக்கு அழுகையே வந்திட்டுது. ஆனா அதோட சேர்த்து நீங்கள் அனுப்பின லிஸ்டைப் பாத்து இவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே. றைன் நீர்வீழ்ச்சி, யுங்ஃப்ராவ் மலை, ரிற்லிஸ் மலை, ஜெனீவா, அப்பிடியே பரிஸ், ஏலுமெண்டா ரோமும் ஒருக்கா! லண்டன் மாமி ஆக்கள் ஒரு கிழமைக்குள்ள எல்லாம் பாத்தவை எண்டு சொல்லுறியள். பாத்தவைதான், நாங்கள்தானே கூட்டிக்கொண்டு போனது. வான் ஒண்டு பிடிச்சு விடியக் கருக்கலில வெளிக்கிட்டு மாமி போகேக்கயும் நித்திரை வரேக்கயும் நித்திரை, நடுவில இறங்கி ஜக்கெற்றைச் சரிபண்ணி போட்டோ எடுத்ததுதான் மிச்சம். அவவின்ர பிள்ளையள் வளந்த பிள்ளையள், அவைக்கு அது சரிவரும். எங்களோட வரப்போறது ஆர் எண்டு யோசியுங்கோ, ஆறு வயசில ஒண்டு, மூண்டு வயசில ஒண்டு, முழங்கால் நோவோட அப்பா. நான் பாத்தளவில அப்பாவும் சின்னவனும் ஒரே வேகம்தான், ரெண்டு பேருக்கும் மத்தியானம் ஒரு குட்டி நித்திரையும் வேணும். அதால நான் போட்ட பிளான் ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் பின்னேரம் நாலு மணிக்கு வீடு வந்து சேரக்கூடிய இடம். பரிஸ் இல்லை. சொல்லீட்டன்.

நீங்கள் வாறது கோடை லீவுக்குள்ள விழுந்தது நல்லதாப் போச்சு. இஞ்ச சூரிச் மாநிலத்தில கோடை லீவு 5 கிழமை, யூலை நடுவில துவங்கி ஓகஸ்ட் நடுவில முடிஞ்சிடும். மற்ற நேரத்தில பிள்ளையைச் சும்மா மறிச்சு வைக்கேலாது, கிண்டர்கார்டனும் இஞ்ச கட்டாயம். காரணம் சொல்லாமல் வருசத்தில 2 நாள் நிக்கலாம், யோக்கர் நாள் எண்டு அதுக்குப் பேர், மற்றதெல்லாம் கடிதம் எழுதி அனுமதி கேக்கோணும். ஏன் நல்லூர்த் திருவிழா 25 நாளும் வந்து நிக்கிறேல்லை எண்டு பெரியம்மா ஒவ்வொரு வருசமும் கேக்கிறா, அவவுக்கும் இதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. இவருக்கு ரெஸ்ரோரண்ட் வேலை எண்டபடியால் சம்பளத்தோட 5 கிழமை லீவு இருக்கு, ஆனா கோடையில எல்லாரும் கேட்டு நிப்பினம், ரெண்டு கிழமைக்கு மேல சேர்த்துக் கிடைக்காது. அதையும் உங்களுக்காகத்தான் வைச்சிருக்கிறார்.

கார் இல்லாமல் என்னெண்டு திரியிறது எண்டு அப்பா கேட்டவராம். அப்பாவுக்குச் சொல்லுங்கோ, இஞ்ச சின்னப் பிள்ளையளோட போறதுக்குக் காரை விட ரெயின்தான் திறம். காரில பின்சீற்றில கட்டிப்போட்டு வைச்சா அரை மணித்தியாலத்தில அலறல் துவங்கிடும். ரெயினில எழும்பி நடக்கலாம், ரொய்லெற் இருக்கு, தூர இடத்துக்குப் போற மாடி ரெயினில ஃபமிலிக்கெண்டு ஒரு பெட்டி, அதின்ர மேல்தட்டில பிள்ளையள் ஏறி இறங்கிச் சறுக்கி விளையாட இடமே கட்டி வைச்சிருக்கினம். எங்கட ரெண்டும் அதுக்குள்ள பூந்துதெண்டா ஸ்ரேசன் வந்தாலும் இறங்காதுகள், நான் பத்து நிமிசத்துக்கு முதலே வெருட்டத் துவங்கோணும். காசும் பெரிசா இல்லை. 6 வயசுக்குக் கீழ ரிக்கெற்றே வேண்டாம், 6 முடிஞ்சு 16 மட்டும் தாய் தகப்பனோட போறதெண்டா வருசத்துக்கு 30 பிராங் ஒரு கார்ட், அவ்வளவுதான். அம்மம்மா தாத்தாவோட போறதுக்கு வேற ஒரு கார்ட், அதுவும் 30 பிராங், அதையும் மூத்தவளுக்கு எடுக்கப்போறன், நீங்கள் ரெண்டு பேரும் அவளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகலாம். வழி அவள் காட்டுவாள், ஜேர்மனும் அவள் கதைப்பாள், நீங்கள் பின்னால போனாக் காணும். உங்கட ரெண்டு பேற்ற நாள் ரிக்கெற்றும் இப்பவே பாத்துக்கொண்டிருக்கிறன், முந்தி வாங்கினா மலிவு, கடைசி நேரத்தில வாங்கினா நெஞ்சு வலிக்கும்.

எனக்கு ரெயின் எண்டா இருக்கிற விசர் உங்களுக்குத் தெரியும்தானே. நான் வளந்த காலம் முழுக்க எங்கட பக்கம் ரெயினே இல்லை, 1990 இல நிண்டது 2014 இலதானே யாழ்ப்பாணம் மட்டும் திரும்ப வந்தது, அப்ப நான் இஞ்ச வந்திட்டன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், ரெயின் பாதை எண்டு நாங்கள் சைக்கிள் ஓடின மண்மேடுதான் எனக்குத் தெரிஞ்சது. எங்கட பிள்ளையளுக்கு ரெயின் எண்டா விளையாட்டு மைதானம்.

போன இலைதுளிர் லீவுக்கு இத்தாலியன் கதைக்கிற ரெசின் பக்கம் போனனாங்கள், உங்களையும் அங்க கூட்டிக்கொண்டு போறதா இருக்கிறன், நாலு மணிக் கணக்கு அதுக்கு மட்டும் இல்லை, தங்கித்தான் வருவம், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். அங்க போறதுக்கு ரெண்டு பாதை. ஒண்டு 2016 இல திறந்த புதுச் சுரங்கம், 57 கிலோமீற்றர், உலகத்திலயே நீளமான ரெயில் சுரங்கம் எண்டு எல்லாரும் சொல்லிச் சொல்லி நாங்கள் முந்தி ஒருக்கா அதுக்குள்ளால போனது. என்னத்தைப் பாக்கிறது? இருட்டு. இருவது நிமிசம் கறுப்புக் கண்ணாடியில தன்ர மூஞ்சையைப் பாத்துக்கொண்டிருந்த சின்னவன் "வீட்ட போவம்" எண்டு துவங்கீட்டான். இந்தமுறை 1882 இல திறந்த பழைய பாதையால போனம், செம்புக் கலரில ஒரு ரெயின் அதால ஓடுது, சூரிச்சில ஏறினா மாறாமல் கொள்ளாமல் போகலாம். கூட நேரம் எடுக்கும், எடுக்கட்டும். வாசென் எண்டு ஒரு சின்ன ஊர், மேட்டில வெள்ளைத் தேவாலயம் ஒண்டு நிக்குது. ரெயின் மலைக்கு உள்ளுக்கால சுத்திச் சுத்தி ஏறுறபடியால் அதே தேவாலயம் மூண்டுதரம் தெரியும், முதல் அண்ணாந்து பாக்கோணும், பிறகு நேர, கடைசியாக் குனிஞ்சு பாக்கோணும். மூத்தவள் முதலில "இஞ்ச மூண்டு கோயில்" எண்டாள், நான் இல்லையடி ஒண்டுதான் எண்டன், நம்பேல்லை, பக்கத்துச் சீற்றில இருந்த ஒரு சுவிஸ் கிழவர் தன்ர தொப்பியைக் கழட்டி மேசையில வைச்சு இதுதான் சேர்ச், இந்த விரல்தான் ரெயின் எண்டு சுத்திச் சுத்திக் காட்டினார். அந்த மனுசனுக்கும் நல்ல சந்தோசம்.

மலைக்கு அங்கால இறங்கினா வேற நாடு மாதிரி. வெயில் வேற, வீட்டு நிறம் வேற, றோட்டுக் கரையில பனைச் சாதி மரங்கள் நிக்குது. அப்பா பனை எண்டு சொல்லிச் சண்டை பிடிப்பார், பனை இல்லை அப்பா, நுங்கும் இல்லை ஒண்டும் இல்லை, வடிவுக்கு வைச்சது. தங்கினது யூத் ஹொஸ்ரலில, பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, ஃபமிலிக்கெண்டு தனி அறை தருவினம், தட்டுக் கட்டில், வெள்ளைப் போர்வை, காலமைச் சாப்பாடும் சேர்த்து. மேல் கட்டில் தனக்குத்தான் எண்டு நடந்த யுத்தத்தைப் பற்றி நேரில சொல்லுறன். அதைவிட நல்ல விசயம், அப்பிடித் தங்கிற ஆக்களுக்கு அந்த மாநிலம் முழுக்க பஸ்ஸும் ரெயினும் ஓசி, நாங்கள் வந்திறங்கின நாளில இருந்து வெளிக்கிடுற நாள் மட்டும் ரிக்கெற்றுக்குக் காசே குடுக்கேல்லை.

வெர்சாஸ்கா எண்டு ஒரு பள்ளத்தாக்கு, கண்ணாடிப் பச்சையில தண்ணி, அதுக்கு மேல ரெண்டு வளைவுள்ள கல்லுப் பாலம். அங்க போற மஞ்சள் பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகேக்க சின்னவன் சத்தி எடுத்தான், என்ர மடியில, நல்லவேளை பாக்கில பொலித்தீன் பையும் மாத்துச் சட்டையும் இருந்தது, எனக்குத்தான் மாத்துச் சட்டை இல்லை. அந்த ஆறு பாக்க வடிவே ஒழிய ஆபத்து, எத்தினையோ பாசையில எச்சரிக்கைப் பலகை வைச்சிருக்கினம், தண்ணி பனிக்குளிர், அடி இழுப்பு. கரையில கல்லடுக்கி விளையாடினதோட சரி. இதுகள் அந்தக் கல்லோடயே மத்தியானம் முழுக்க இருந்துதுகள், பாலத்தை ஒருக்காலும் நிமிந்து பாக்கேல்லை, கேட்டா பாலம் எண்ட ஒண்டு இருந்ததே தெரியாது.

உங்கட லிஸ்டுக்கும் அங்க ஒரு வழி இருக்கு. லுகானோவுக்குப் பக்கத்தில மெலிடே எண்ட இடத்தில சுவிஸ் முழுக்க இருக்கிற பேர்போன கட்டிடங்களை 25 இல ஒரு பங்கு அளவில செய்து தோட்டத்துக்குள்ள வைச்சிருக்கினம், 1959 இல இருந்து இருக்குது. பேர்ண் பாராளுமன்றமும் அங்க சின்னதா நிக்குது, நடுவால குட்டி ரெயின் ஓடுது. அதில நிண்டு போட்டோ எடுத்து லண்டன் மாமிக்கு அனுப்புங்கோ, எல்லாம் பாத்தாச்செண்டு.

இனி யுங்ஃப்ராவ் கதைக்கு வாறன். அங்க ரெயின் போய் நிக்கிற ஸ்ரேசன் இருக்கிறது 3454 மீற்றரில, மேல காத்து மூண்டில ஒரு பங்கு குறைவு. கீழ இருந்து கொஞ்ச நேரத்துக்குள்ள அவ்வளவு உயரத்துக்கு ஏத்தினா பெரிய ஆக்களுக்கே தலை சுத்தும், சின்னப் பிள்ளையளுக்கு எங்க நோகுது எண்டு சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். எங்கட பிள்ளை டொக்டரும் வளரட்டும் பொறுங்கோ எண்டுதான் சொன்னவ. அப்பாவின்ர பிரஷரையும் யோசியுங்கோ. ரிக்கெற் விலையைச் சொன்னா உங்களுக்கே பிரஷர் ஏறும். அதுக்குப் பதிலா றிகி மலைக்குப் போவம். லுசேர்னில கப்பல் ஏறி விற்ஸ்னாவ் எண்ட இடத்தில இறங்கினா அடியிலயே பல்லுச்சில்லு ரெயின் நிக்கும், 1871 இல இருந்து ஓடுது, ஐரோப்பாவிலயே முதல் மலை ரெயின் அது. உச்சி 1798 மீற்றர்தான், ஆனா ஏரியும் தெரியும் தூரத்தில பனிமலை வரிசையும் தெரியும், கழுத்தில மணி கட்டின மாடும் நிக்கும். சின்னவனுக்கு மாடு, உங்களுக்குப் பனிமலை, அப்பாவுக்குக் கதிரை.

சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ. வெளியில நாலு பேர் இருந்து சாப்பிட்டா ஒரு நாள் சம்பளம் போகும், அதால நாங்கள் கட்டிக்கொண்டுதான் போறது. இஞ்ச காட்டுக்கரையில, ஏரிக்கரையில எல்லாம் நெருப்பு மூட்டுறதுக்கெண்டு கல்லு வைச்ச இடம் இருக்கு, கனக்க இடத்தில விறகும் அடுக்கி வைச்சிருப்பினம், ஆரும் வந்து மூட்டலாம், போகேக்க துப்புரவாக்கிப்போட்டுப் போகோணும். சுவிஸ்காரர் செர்வெலா எண்டு ஒரு சொசேஜை தடியில குத்திச் சுடுவினம், அதில மாட்டிறைச்சி கிடக்குது, எங்களுக்கு வேண்டாம். நான் மிளகாய்த்தூள் பிரட்டின கோழிக்காலும் சோளப்பொத்தியும் கொண்டு போவன், பக்கத்தில இருக்கிறவை மணத்துக்கு எட்டிப் பாப்பினம். தண்ணிப் போத்தல் வாங்கத் தேவையில்லை, ஊருக்கூர் பைப்புத் தொட்டியில நல்ல தண்ணி ஓடும், குடிக்கேலாததெண்டா எழுதிப் போட்டிருப்பினம். புட்டுக் கட்டிக்கொண்டு போகாதேங்கோ எண்டு மட்டும் சொல்லுவன், ஒருக்கா கொண்டு போய் காத்துக்கு எல்லாம் பறந்து சின்னவன்ர கண்ணுக்குள்ள.

கோயில் இல்லாமல் நீங்கள் இருக்கமாட்டியள் எண்டு தெரியும், ஒரு நாள் பேர்ணுக்குப் போவம், ஒரு மணித்தியாலம்தான். அங்க ஒரே கட்டிடத்துக்குள்ள எங்கட சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த கோயிலும் இருக்குது. கும்பிட்டு முடிஞ்சு ஆத்தங்கரையில உலாவுற கரடியளைப் போய்ப் பாக்கலாம், காசில்லை.

இப்ப கொண்டு வாறதைப் பற்றி. கருத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டு வராதேங்கோ, கறிவேப்பிலையும் வேண்டாம், நெய்யும் இறைச்சி வத்தலும் வேண்டவே வேண்டாம், எயார்போட்டில பறிச்சுப் போடுவினம், தண்டமும் கட்டோணும். அரிசிமா, மிளகாய்த்தூள், பனங்கட்டி காணும். யூலை எண்டாலும் உங்கட கம்பளி ஸ்வெற்றர் ஒண்டு வேணும், மலையில பின்னேரம் குளிரும். பயணக் காப்புறுதிப் பேப்பரை சூட்கேசுக்குள்ள போடாமல் கைப்பையில வையுங்கோ.

அப்பா பாட்டாச் செருப்போட வாறன் எண்டு அடம் பிடிப்பார், விடாதேங்கோ. அவரின்ர காலை ஒரு வெள்ளைப் பேப்பரில வைச்சு சுத்திவரக் கீறி, பக்கத்தில அடிமட்டத்தையும் வைச்சு போட்டோ எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கோ, ரெண்டு காலும் வேணும், இடது கால் வீக்கம் எல்லோ. இஞ்ச இந்தச் சனிக்கிழமை சப்பாத்துக் கடையில மலிவு போடுறாங்கள், அதுக்கு முதல் அனுப்புங்கோ.

உங்கள் அன்பு மகள்