இரண்டாம் தவணை நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டியிலும் தமிழ்த்தினப் போட்டியிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி.

சரி, மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாடசாலை 1.30க்கு விடுகிறது. 2 மணி தாண்டியும் சில பிள்ளைகள் கேட்டடியில் நிற்கிறார்கள். தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.

ஆனால் போன வாரம் அங்கே என் காதில் விழுந்தது வேறு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் ஓடிவந்த ஒரு தாயைப் பார்த்து, "ஆமிச் சம்பளம் வருதுதானே, ஒரு ஆட்டோ பிடிச்சா என்ன?" என்று யாரோ கேட்டார்கள். அன்று அவர் மாமியாரை கிளினிக்குக் கூட்டிப்போய்விட்டு நேரே வந்திருந்தார். கணவர் இராணுவத்தில், வடக்கே வன்னியில். வீட்டில் காய்ச்சல் என்றாலும், கூரை ஒழுகினாலும் அவர் ஒருவர்தான். இரவில் போன் அடித்தால் எடுப்பதற்குள் நெஞ்சு பதறும் என்று என்னிடம் சொன்னார்.

இராணுவ முகாம் உள்ள தியத்தலாவைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பாடசாலையில் இப்படிப்பட்ட தாய்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். யுத்தத்தைப் பற்றி நம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு, ஆறாத வலியும் உண்டு. அதை, தரம் மூன்றில் படிக்கும் அந்தத் தாயின் பிள்ளையின் தலையில் இறக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது சேற்றைத் தோண்டியவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அப்போது தனியாகக் காத்திருந்த மனைவிமார் இருந்தார்கள்.

தவறு எங்கள் பக்கமும் உண்டு. தேர்ச்சி அறிக்கையில் தந்தையின் கையொப்பம் இல்லை என்று அதே பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் அந்த இடத்தில் பென்சிலால் "அப்பா லீவில் வந்ததும் போடுவார்" என்று எழுதிக் கொண்டுவந்தாள். அதற்காக அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். இனித் தாயின் கையொப்பம் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கேட்டடியிலோ வகுப்பு வட்ஸ்அப் குழுவிலோ ஒரு தாயை இழிவாகப் பேசுவதை இனி நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். பேசியவரை நேரில் அழைத்துக் கேட்பேன். தாமதமாகும் என்று தெரிந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2.15 வரை பிள்ளை நூலகத்தில் இருக்கலாம்.

அன்று தன் குடையை அந்தத் தாயிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி தோட்டத்து லயத்துக்கு நடந்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
அதிபர்