காவிரிக்கரை ஊர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய காவிரிக்கரை ஊர்மக்கள் அனைவருக்கும், வணக்கம்.

மாசி மாதத்தில் திருவரங்கத்திலிருந்து பூம்புகார் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவைக் காவிரியை ஒட்டியே நடந்து, ஒவ்வொரு மாலையும் தங்கிய ஊரிலேயே நாகசுரக் கச்சேரி செய்து, பயணத்தை நல்லபடியாக முடித்திருக்கிறோம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு தாளம், வழி விசாரிக்கவும் மூட்டை சுமக்கவும் உடன்வந்த நண்பர்கள் சிலர் என்று புறப்பட்ட சிறு குழு இதைத் தன் பலத்தால் மட்டும் செய்திருக்க முடியாது. கேட்காமலே உதவியவர்களுக்கும், கேட்டபோது முகம் சுளிக்காமல் கொடுத்தவர்களுக்கும், அவர்கள் செய்த உதவி எங்கள் வாசிப்பில் எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் தெரிவித்து நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

“வேனில் வந்து இறங்கி வாசித்துவிட்டுப் போகலாமே, ஏன் இப்படி நடந்து வருகிறீர்கள்?” என்று ஊருக்கு ஊர் அக்கறையோடு கேட்டீர்கள். தெருவில் நின்றபடி சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம். நாகசுரம் நடையோடு வளர்ந்த இசை. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசை ஒலித்த பிறகே பல்லக்கு நகரும். வீதியில் இறங்கியதும் ராக ஆலாபனை தொடங்கும். நின்று நின்று நான்கு வீதிகளையும் சுற்றி வருவதற்குள் இரவில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் வலிமை எங்கள் முன்னோர்களுக்கு அந்த வீதிகளில்தான் கைவந்தது. இன்று எங்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பவை திருமண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் வாய்க்கும் துண்டு நேரங்களே. அந்த வருமானத்தில்தான் கலைஞர் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால் அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆயினும், நடந்தே ஊர் ஊராகச் சென்று, தெருவில் நின்று, கடிகாரத்தைப் பார்க்காமல் வாசித்தால் இந்த இசை எப்படி இருக்கும் என்பதை எங்கள் தலைமுறையும் தன் மூச்சில் உணர வேண்டும் என்று விரும்பினோம்.

திருவரங்கத்தைத் தொடக்கமாகத் தேர்ந்ததற்கு, அங்கே வாழ்ந்து பல மாணவர்களை உருவாக்கிய நாகசுர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்கள் மீது எங்களுக்கு இருக்கும் மதிப்பே காரணம். அவர் வாசிப்பை நேரில் கேட்ட முதியவர்கள் சிலர், விடியற்காலைக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு படித்துறைக்கு வந்து எங்களை வழியனுப்பினார்கள். அவர்கள் முன் வாசிப்பதற்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. மல்லாரி முடிந்ததும் அவர்கள் தலையசைத்த விதம், அன்றைய நடைக்கு வேண்டிய தெம்பைத் தந்தது.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை எந்தக் கரையில் வண்டிப்பாதை இருக்கிறது, எங்கே முள் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் ஆற்றில் இறங்கி நடக்கலாம் என்பதையெல்லாம் தாளில் வரைந்தே கொடுத்த மதகுப் பணியாளருக்கு எங்கள் வணக்கம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்படுவதால் மாசியில் ஆறு வற்றி மணல் வெளியே தெரியும் என்று கணக்கிட்டே புறப்பட்டிருந்தோம். மணலில் நடப்பது சாலையில் நடப்பதைவிட இருமடங்கு களைப்பைத் தரும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்ததால்தான் மாலையில் வாசிக்க மூச்சு மிஞ்சியது. வாழைப் படுகைகளுக்குள் எங்களை அனுமதித்த விவசாயிகள், தார் சாயாமல் முட்டுக் கொடுத்திருந்த கழிகளில் தவில் இடித்துவிடாதபடி முன்னே நடந்து வழிகாட்டினார்கள்.

தவில் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை முழுவதும் நடந்தவருக்கு மாலையில் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் ஓடாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. வாழைத்தார் ஏற்றிச் செல்லும் குட்டியானை வண்டி ஓட்டுநரான தம்பி ஒருவர், தம் சவாரிகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, இரண்டு தவில்களையும் பழைய மெத்தையில் கிடத்தி, ஒவ்வோர் ஊருக்கும் எங்களுக்கு முன்னே கொண்டுபோய்ச் சேர்த்தார். டீசலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்தவர் அவர். அந்தப் பயணத்தில் ஒலித்த தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் ஒவ்வொரு தனி ஆவர்த்தனத்திலும் அவருக்குப் பங்கு உண்டு என்று தவில் வாசித்த இருவரும் இங்கே எழுதச் சொல்கிறார்கள்.

“மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று பெரியவர்கள் சொல்வதை ஆற்றங்கரையில் அனுபவித்தோம். பனியில் தவில் தோல் தளர்ந்து ஒலி மழுங்கும். உச்சி வெயிலிலோ, நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி காய்ந்து வாய் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே கருவிகளைக் காப்பாற்றுவதுதான் கால்களைக் காப்பாற்றுவதைவிடக் கடினமாக இருந்தது. கபிஸ்தலம் அருகே ஒரு தெருவில் கச்சேரி தொடங்குவதற்கு முன் பெண்கள் சிலர் வீட்டிலிருந்து வைக்கோலைக் கொண்டுவந்து அனல் மூட்டினார்கள். தோல் சூடேறி நாதம் திரும்பிய பிறகே நாங்கள் கல்யாணி ராகத்தைத் தொடங்கினோம். அதே ஊரில் ஓய்வுபெற்ற செவிலியரான அம்மா ஒருவர், வெந்நீரில் உப்பைக் கரைத்து எங்கள் எல்லோருடைய கால்களையும் ஊறவைத்து, கொப்புளங்களை உடைக்காமல் பஞ்சு வைத்துக் கட்டி, மறுநாள் எப்படிக் காலுறை அணிய வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். நாகசுரத்தைத் தெருவில் நின்று வாசிக்க வேண்டும். பாதம் ஊன்றாவிட்டால் அடிவயிற்றிலிருந்து மூச்சு வராது. அதற்குப் பிறகு வந்த ஊர்களில் ஒரே சுரத்தில் நின்று இழுக்கும் நீண்ட கார்வைகளைப் பாராட்டியவர்கள், அந்தப் பாராட்டு அவரையே சேரும் என்பதை அறிய வேண்டும்.

திருவையாற்றில் இசை பயிலும் மாணவர்கள், மாணவிகள் எங்களோடு ஒரு காலை முழுவதும் நடந்தார்கள். அவர்களில் தவில் கற்கும் ஒரு பெண், வழியில் தாளச் சொற்களை வாயால் ஒலிக்கும் கொன்னக்கோல் சொல்லிக்கொண்டே வந்ததில் எல்லோருடைய நடையும் தானாகவே மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் அமைந்துவிட்டது. அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி.

பண்டாரவாடையில் நோன்புக் காலம். பகல் முழுவதும் நீர்கூட அருந்தாமலிருந்த குடும்பத்தினர், தங்கள் வீட்டுத் திண்ணையையும் பின்கட்டையும் எங்களுக்கு ஒழித்துக் கொடுத்து, நோன்பு திறந்தபோது எங்களையும் அமரவைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். இரவுத் தொழுகை முடியும்வரை காத்திருந்து வாசித்தோம். பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து அமர்ந்தவர்கள் கடைசிவரை எழுந்து செல்லவில்லை. சின்ன மௌலானா அவர்களின் வாசிப்பை வானொலியில் கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவர் கரகரப்ரியா ராகம் கேட்டார். அவ்வளவு நிறைவாக அதை நாங்கள் வேறெங்கும் வாசிக்கவில்லை.

கும்பகோணத்தில் சத்திரத்து அறைகளைத் திறந்துவிட்டவர்களுக்கும், செருப்பின் அடித்தோலை இரவோடு இரவாக மாற்றித் தைத்துக் கொடுத்தவருக்கும் நன்றி.

நரசிங்கம்பேட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் கைவினைஞர்களின் ஊர் அது. அங்கே உருவாகும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரி நாகசுரத்தின் இடத்தில் நீளமான பாரி நாகசுரம் நிலைபெற்றதில் இவ்வூர் ரங்கநாதன் ஆசாரியின் கைக்கும், நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் செவிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நாகசுரம் பிடிக்கும் ஒவ்வொருவரும் அறிவார்கள். நாங்கள் அங்கே சேர்ந்தபோது ஒரு நாகசுரத்தில் சீவாளியைப் பொருத்தும் கெண்டை தளர்ந்து, மேல் ஸ்தாயியில் சுருதி நழுவிக்கொண்டிருந்தது. ஆசாரியார் ஒருவர் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு அதை வாங்கி, ஊதச்சொல்லிக் கேட்டு, திருத்தி, மறுபடியும் ஊதச்சொல்லி, மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தார். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களைத் தேடி வாங்குவதையும், ஈரம் முழுக்க வற்றிய அந்த மரத்தில்தான் நாதம் தெளிவாக நிற்கும் என்பதையும் வேலைக்கு நடுவே எங்களுக்கு விளக்கினார். கூலி எவ்வளவு என்று கேட்டோம். “வாசல்ல நின்னு ஒரு ராகம் வாசிங்க, எங்க தெரு கேக்கட்டும்” என்றார். பட்டறைகளிலிருந்து எல்லோரும் கைத்தூசியைத் தட்டியபடி வெளியே வந்தார்கள். தாங்கள் செய்த கருவியை இப்படி நின்று கேட்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதே அரிது என்று பின்னர் சொன்னார்கள். அந்தப் பிற்பகலுக்காகவே இந்தப் பயணம் முழுவதையும் நடந்திருக்கலாம் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

அடுத்து, திருவாவடுதுறை. காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் நாணலை அறுத்து, உலர்த்திப் பதப்படுத்திச் சீவாளி செய்யும் குடும்பத்தினர், எங்கள் உதட்டுக்கு ஏற்றவற்றைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். பற்கள் விழுந்துவிட்டதால் வாசிப்பை நிறுத்திவிட்ட மூத்த நாகசுர வித்துவான் ஒருவர் அன்று மாலை முன்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் உருப்படி முடிந்ததும் எங்களை அருகே அழைத்து, “நடந்து வந்த வேகம் இன்னும் வாசிப்புல இருக்கு, தம்பி; மூச்சு அடங்கட்டும், அப்புறம் தோடியை எடுங்க” என்றார். அங்கேயே கருவிகளைக் கீழே வைத்து, அவர் சொன்னபடி காத்திருந்து, பிறகு தொடங்கினோம். தோடி ராகத்துக்குப் பேர்போன ராஜரத்தினம் பிள்ளையின் ஊரில் அதை வாசிப்பதற்கு இருந்த அச்சமும் அந்த இடைவேளையில் தணிந்தது. பூம்புகார் வரை ஒவ்வொரு மாலையும் அதே முறையைக் கடைப்பிடித்தோம். ஐயாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

மயிலாடுதுறைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே எங்களைப் பத்திரமாகக் கடத்திவிட்ட போக்குவரத்துக் காவலர்களுக்கும், பானகமும் நீர்மோரும் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி. செம்பனார்கோயிலில், ரக்தி மேளத்துக்குப் பேர்பெற்ற அந்த மண்ணில், பாடல் வரிகளின் துணையில்லாமல் ராகமும் லயமும் மட்டுமே கொண்டு விரியும் அந்த உருப்படியை எங்களால் இயன்ற அளவு நள்ளிரவு கடந்தும் வாசித்தோம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, தூங்கிப்போன குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு கேட்ட தாய்மார்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

பூம்புகாரில் மீனவ நண்பர்கள் கட்டுமரங்களை ஒதுக்கி, கரையில் பாய் விரித்து இடம் செய்து கொடுத்தார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தியடிகளோடு இதே காவிரிக்கரை வழியாக மேற்கு நோக்கி நடந்தார்கள். அந்த வழியில் நாங்கள் கிழக்கு நோக்கி வந்து சேர்ந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கடன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவல் தந்த போர்வைகளைத் துவைத்து அந்தந்த வீடுகளுக்கே அனுப்பிவைத்திருக்கிறோம். வழியில் துண்டில் விழுந்த அன்பளிப்பில், செலவு போக எஞ்சிய தொகை முழுவதையும் திருவையாற்று மாணவர்களுக்குத் தவில் தோலும் சீவாளியும் வாங்கக் கொடுத்துவிட்டோம். ஒவ்வோர் ஊரிலும் செய்த ஒலிப்பதிவைப் பிரதி எடுத்து, அவ்வூர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒப்படைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. குத்தாலத்தில் நேரம் போதாமல் நின்றுபோன ஆனந்த பைரவி ராகத்தை, கேட்டவர் வீட்டு வாசலிலேயே வந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறோம், பங்குனியில் வருகிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
திருவரங்கம் – பூம்புகார் நடைப்பயண நாகசுரக் குழுவினர்