டிவிக்குத் தலை இல்லாமல் போன பிறகு

அன்புள்ள சித்தி,

போன மாதம் ஈசூன் வீட்டுக்கு வந்தபோது அலமாரி மேல் அந்த நீல பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். உள்ளே பிஸ்கட் இருக்கும் என்று நம்பித் திறந்து ஏமாந்த வயதெல்லாம் போய்விட்டது. நூலும் பின்னல் போடும் குரோஷே ஊசிகளும்தான் இருக்கும் என்று தெரியும். ஆனால் மூடிமேல் அவ்வளவு தூசி படிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பின்னுவதில்லையா என்று கேட்டேன். "என்னத்தப் பின்றது? டிவிக்குத் தலையே இல்ல, போனுக்கு உடம்பே இல்ல" என்றீர்கள்.

அப்போது சிரித்துவிட்டேன். பேருந்தில் திரும்பும்போதுதான் அது எவ்வளவு சரி என்று உறைத்தது. நீங்கள் முப்பது வருடமாகப் பின்னியதெல்லாம் எதன் தலையிலாவது விரிப்பதற்குத்தான். பெட்டி டிவி மேல் அன்னாசி போட்ட விரிப்பு, தொலைபேசிக்குச் சுருக்கு வைத்த விரிப்பு, வானொலிக்கு ஒன்று, சோபா முதுகுக்கு மூன்று. இன்றைக்கு டிவி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொலைபேசி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. விரிக்க இடம் இல்லாமல் போனதும் பின்ன ஆசையும் போய்விட்டது.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சமைக்கப் போய்விடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொப்பி விஷயம். பேரனுக்காகத் தங்கச்சி இணையத்திலிருந்து அச்செடுத்துக் கொடுத்த தொப்பி. எழுதியிருந்தபடியே எண்ணி எண்ணிப் போட்டும் தலையில் உட்காராமல் அப்பளம் மாதிரி நெளிந்துபோனது, நீங்கள் பிரித்துச் சுற்றி டின்னுக்குள் போட்டது, "கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு" என்று சொன்னது, எல்லாம் தங்கச்சி சொன்னாள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். உங்கள் கண்ணிலும் கோளாறு இல்லை, கணக்கிலும் கோளாறு இல்லை. அது அமெரிக்கக்காரர்கள் எழுதிய குறிப்பு.

நீங்கள் கற்றுக்கொண்டது பிரிட்டிஷ் புத்தகத்தில். அதில் 'டபுள் குரோஷே' என்றால் நீங்கள் எனக்குக் 'குட்டை' என்று சொல்லிக்கொடுத்த தையல். அமெரிக்கர்கள் அதையே 'சிங்கிள்' என்பார்கள். அவர்கள் 'டபுள்' என்று எழுதினால் நம் 'நெட்டை'. ஒரே பெயர், இரண்டு தையல். நெட்டைக்கு வட்டம் படியவேண்டும் என்றால் சுற்றுக்குப் பன்னிரண்டு கண்ணி கூட்டவேண்டும். குட்டைக்கு ஆறு போதும். தாளில் பன்னிரண்டு என்று இருந்தது, நீங்கள் குட்டை போட்டீர்கள். பிறகு நெளியாமல் என்ன செய்யும்?

நல்லவேளையாக ஜப்பானியப் புத்தகங்களில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் படம்தான். சங்கிலிக்குச் சின்ன முட்டை வடிவம், குட்டைக்குப் பெருக்கல் குறி, நெட்டைக்குக் குறுக்குக்கோடு விழுந்த 'டி'. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் பின்னலாம். நூலகத்தில் 746.434 என்ற எண் ஒட்டிய அலமாரியில் தேடுங்கள், குரோஷே புத்தகங்கள் அங்கேதான் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த நெளிந்த தொப்பியைப் பிரித்திருக்கவே வேண்டாம் சித்தி.

1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் இதே 'தவறை' வேண்டுமென்றே செய்தார். எந்தத் திசையில் போனாலும் விரிந்துகொண்டே போகும் ஒரு வகைப் பரப்பு கணிதத்தில் உண்டு. காகிதத்தில் செய்தால் கையில் எடுத்ததும் கிழியும். அவர் ஒவ்வொரு வரியிலும் ஒரே விகிதத்தில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனார். நெளி நெளியாக, கையில் பிடித்துக் கசக்கக்கூடிய ஒரு பரப்பு கிடைத்தது. பிறகு மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் அதைப் பார்த்து, 2005 முதல் குரோஷேயிலேயே பவளப்பாறைகள் செய்யத் தொடங்கினார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பவளமும் அப்படித்தானே நெளிகிறது. நம் சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியும் பவளம் உண்டு, 2014-இலிருந்து அது கடல் பூங்கா.

எனக்கு அதைப் படித்தபோது பவளம் ஞாபகம் வரவில்லை. கோழிக்கொண்டைப் பூதான் வந்தது. தேக்காவில் மாலைக் கடையில் எப்போதாவது கண்ணில் படுமே, வெல்வெட் மாதிரி, மடிப்பு மடிப்பாக, அரக்குச் சிவப்பில். அதை உற்றுப் பார்த்தால் அடியில் ஒல்லியாகத் தொடங்கி விளிம்புக்குப் போகப் போக இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கண்ணி கூடிப்போன பின்னல்தான் அது. வீட்டுக்கு வந்து அரக்கு நூலில் பத்துச் சங்கிலி போட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இரண்டாக நாலு வரி போட்டேன். அவ்வளவுதான், பூ வந்துவிட்டது. அடியில் பச்சைக் காம்பு சுற்றினேன். என் வாழ்க்கையில் யாருடைய குறிப்பும் இல்லாமல் செய்த முதல் பொருள் அது. சின்ன வயதில் என் முதல் விரிப்பு இப்படி நெளிந்தபோது "கண்ணி கூடிப்போச்சு, பிரி" என்றீர்களே, அன்றைக்குப் பிரித்ததற்கு இன்றைக்குப் பழிவாங்கிவிட்டேன்.

அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். என் போனில் நானூறுக்கு மேல் குரோஷே படங்கள் சேர்த்து வைத்திருந்தேன். பின்னியது பூஜ்யம். ஒன்று அழகாக இருந்தால் அடுத்தது அதைவிட அழகாக இருக்கும், விரல் தள்ளிக்கொண்டே போகும், எம்ஆர்டி ரயில் வந்துவிடும். ஒருமுறை துணிந்து ஒரு கம்பளிப் போர்வை தொடங்கினேன். ஐந்து மாதம். பாதிப் போர்வையை மடியில் வைத்துப் பின்னும்போது நம் ஊர் வெயிலில் தொடை வியர்த்து நூல் ஒட்டிக்கொண்டது. இப்போது அது அலமாரியில் ஈரவாடை அடித்துக்கொண்டு கிடக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

அப்புறம் 'வெப்பநிலைப் போர்வை' என்று ஒன்று. வருடம் முழுக்க நாளுக்கு ஒரு வரி, அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற நிறம். குளிர்நாடுகளில் நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போய் மறுபடி நீலத்துக்கு வரும். நான் சிங்கப்பூரில் தொடங்கினேன். முதல் நாள் 31, அடுத்த நாள் 32, அதற்கடுத்த நாள் 31. ஒரு மாதத்தில் ஒரே ஆரஞ்சு. துறவியின் துண்டு மாதிரி இருந்தது. சித்தப்பாவிடம் காட்டினால் காசி யாத்திரைக்கு எடுத்துப் போகிறேன் என்றிருப்பார்.

ஆனால் நமக்கு வெப்பம் மாறாவிட்டாலும் மழை மாறுகிறதே! அதே யோசனையைத் திருப்பிப் போட்டேன். மழை இல்லாத நாளுக்கு மணல் நிறம், தூறலுக்கு வெளிர்நீலம், குடை தாங்காத மழைக்குக் கருநீலம். இங்கே வருடத்துக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, ஏறக்குறைய 170 நாள் மழைநாள். அதனால் மணலும் நீலமும் கிட்டத்தட்ட பாதிப்பாதி வரும். வடகிழக்குப் பருவமழை வரும் டிசம்பரில் கருநீலம் அடர்ந்து விழும். பருத்தி நூலில், போர்வையாக இல்லாமல் கழுத்துத் துண்டு அகலத்துக்குப் பின்னுகிறேன். ஏசி ஓடும் அலுவலகத்துக்கு அது போதும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு இணையமே வேண்டாம். பீரோவைத் திறங்கள்.

உங்கள் கல்யாணப் பட்டு இருக்கிறதே, மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. எந்த நிறத்தோடு எந்த நிறம் போகும் என்று நான் கடையில் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் முழிப்பேன். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் அதை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, இரண்டையும் கோர்வையில் இணைக்கும் இடத்தில் ஜரிகை மின்னும் மெல்லிய கோடு. இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பங்கு மஞ்சள், மூன்று பங்கு அரக்கு, நடுவில் ஒரே ஒரு வரி தங்க நூல். கரையில் இருக்கும் கோபுர முக்கோணங்களைக் கண்ணி குறைத்துக் குறைத்துப் பின்னினால் வந்துவிடும். உடலில் இருக்கும் மல்லிமொக்குக்கு ஒரே கண்ணியில் ஐந்து நெட்டையைப் போட்டு ஒன்றாக இழுத்தால் குமிழ் மாதிரி நிற்கும். ஒரு தோள்பைக்கு இது போதும். அந்தப் பையைப் பார்த்தால் உங்கள் புடவை என்று வீட்டில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

கோலத்தைப் பற்றியும் யோசித்தேன். சிக்குக் கோலம் சரிப்படாது, வளைந்து வளைந்து ஓடும். நேர்க்கோட்டுப் புள்ளிக் கோலம் அருமையாக வரும். ஒரு கட்டத்தை அடைத்தும் ஒரு கட்டத்தை ஓட்டையாக விட்டும் பின்னுவோமே, கிராப் தாளில் குறித்துக்கொண்டு? அதற்காகவே செய்த மாதிரி இருக்கிறது. வெள்ளை நூலில் பின்னி ஜன்னலில் தொங்கவிட்டால் மாலை வெயிலில் தரையில் கோலம் விழும். நம் புளோக் தாழ்வாரத்தில் மாவுக்கோலம் போட்டால் மறுநாள் காலையில் துடைப்பம் வந்துவிடுகிறது. ஜன்னல் கோலத்தை யார் பெருக்குவார்கள்?

ஜூ சியாட் பக்கம் கூன் செங் ரோட்டில் அந்தப் பழைய கடைவீடுகளின் பூ ஓடுகள் எல்லாரும் படமெடுப்பதுதான், அதிகம் சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஓடும், நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னுவோமே, நம் பாட்டிச் சதுரம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ளூர்க் கலப்பு மரபினரான பெரனாக்கன் மக்களின் அரும்பொருளகத்தில் இருக்கும் மணி கோத்த செருப்புகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு மணியும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டைத் தையல். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு பூவை எண்ணிக்கொண்டு வந்தேன். காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பேரனோடு போவதென்றால் தோ பாயோ டிராகன் விளையாட்டு இடம், 1979-இல் கட்டியது. அதன் தலையெல்லாம் சின்னச் சின்ன ஓடுகள்தான், அதுவும் எண்ணுவதற்கு ஏற்றது.

பீஷான் நீர்நாய், மீன்கொத்தி என்று பொம்மை பின்னுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அந்தக் கண் ஒட்டும் வேலை பொறுமையைச் சோதிக்கிறது. உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள்.

இன்னொன்று, 'எங்கே வைப்பது' என்ற உங்கள் கேள்வி. வைக்காதீர்கள், மாட்டுங்கள். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்குகிறார்கள். சித்தப்பா அந்த ஐந்து காசுக்குக் கொடுக்கும் முகபாவத்தை நானே பார்த்திருக்கிறேன். வலைப்பை ஒன்று பின்னிக் கொடுங்கள். எல்லாம் சங்கிலியும் குட்டையும்தான், இரண்டு மாலைப்பொழுதில் முடியும். மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும், விரித்தால் ஒரு பூசணிக்காயை விழுங்கும். பேரனின் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு தோள்வார்ப் பை. எம்ஆர்டி வரைபடத்தின் ஆறு நிறங்களில் பட்டை போடுங்கள், சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, நீலம், பழுப்பு. ரயில் பைத்தியம் பிடித்த பையன், கீழேயே வைக்கமாட்டான்.

நூல் வாங்க சைனாடவுன் போகலாம், பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் கூரைவரை நூல் அடுக்கிய கடை இருக்கிறது. ஆனால் முதலில் டின்னைத் தரையில் கொட்டுங்கள். மிச்ச நூல்தான் எனக்கு நல்ல யோசனைகளைக் கொடுத்திருக்கிறது. கையில் இருப்பது பதினைந்து கிராம் பச்சை என்றால் போர்வைக் கனவு வராது, ஒரு வெண்டைக்காய்ச் சாவிக்கொத்து வரும்.

சனிக்கிழமை வருகிறேன். கோழிக்கொண்டையைக் கொண்டுவருகிறேன், பிரிக்கச் சொல்லக்கூடாது. தொப்பித் தாளையும் தமிழில் குட்டை, நெட்டை என்று மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டும். பெட்டி டிவி மேல் இருந்த அந்த அன்னாசி விரிப்பை நானே பின்னப் பார்க்கிறேன், மூன்று முறை பிரித்தாயிற்று. அன்னாசியின் அடியில் விசிறிக்கு எத்தனை நெட்டை போடுவீர்கள், ஒன்பதா, பதின்மூன்றா? புத்தகத்துக்குப் புத்தகம் வேறு மாதிரி இருக்கிறது, ஒன்றும் உங்கள் அன்னாசி மாதிரி இல்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்