கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன் முதல் தொண்டி வரை கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஒரு சென்டரில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எந்த சென்டர் என்று சொல்லி யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. கேட்பது ஒன்றுதான்: வருகிறவர்களின் பாஸ்வேர்டை உங்கள் பிரவுசரில் சேமிக்காதீர்கள்.

ஒரு பெண் கல்லூரி விண்ணப்பத்துக்காக அந்த சென்டருக்கு வந்திருந்தாள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டதும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சென்டர் பையன் 'சேவ்' கொடுத்துவிட்டான். பிறகு உட்கார்ந்த யாரோ அவள் மெயிலுக்குள் புகுந்து பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்கள். மீட்க ஓடிபி வேண்டும். அது போவது அப்பாவின் போனுக்கு. அவரோ மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருந்தார். நடுக்கடலில் ஏது டவர்? கடல்பாசி எடுக்கப் போக வேண்டிய அம்மா, அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு மகளோடு சென்டர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் படகு கரை சேர்ந்தபோது விண்ணப்பத்தின் கடைசித் தேதி முடிந்திருந்தது.

கேட்டால், "குரோம் எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணித்தான் வைக்குது" என்கிறீர்கள். உண்மைதான், பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் விண்டோஸில் அந்தப் பூட்டுக்கான சாவி, கம்ப்யூட்டரில் லாகின் ஆகியிருக்கும் கணக்கோடு சேர்ந்தது. நீங்கள் காலையில் திறந்துவிடும் ஒரே கணக்கில்தான் ராத்திரி வரை ஊரே உட்காருகிறது. யார் உட்கார்ந்தாலும் பிரவுசர் தானாகவே நிரப்பிக் கொடுக்கும். பாஸ்வேர்டை எழுத்தாகப் பார்க்க மட்டும் விண்டோஸின் பின் நம்பரைக் கேட்கும். அதையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்! பயர்பாக்ஸ் பிரவுசரிலும், சேமித்ததையெல்லாம் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டு நாமாகப் போட்டால்தான் உண்டு.

சுவரில் மட்டும் 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்' என்று கலர் நோட்டீஸ். ஒரு பக்கம் பிரிண்டுக்குப் பத்து ரூபாய் வாங்குவதில் காட்டும் கவனத்தில் பாதி இதில் இருந்தால்... சரி, விலைச் சண்டை இன்னொரு நாள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். குரோமில் கெஸ்ட் விண்டோ இருக்கிறது. வருகிறவர்களை அதில் உட்கார வையுங்கள்; மூடியதும் லாகினும் ஹிஸ்டரியும் போய்விடும். டவுன்லோடு செய்த ஆதார் நகலை மட்டும் நீங்கள்தான் அழிக்க வேண்டும். செட்டிங்ஸில் பாஸ்வேர்டு சேமிப்பையும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்து கிடப்பவற்றை, ஸ்காலர்ஷிப்புக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குமுன் அழித்துவிடுங்கள் அண்ணே.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்