அரக்கு பழுப்பு ஆனது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முகூர்த்தச் சிறப்பிதழின் பட்டுப் புடவைப் பக்கத்தில் 'அரக்கு, அதாவது அடர் பழுப்பு' என்று போட்டிருந்தீர்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புடவை பார்க்க வந்த பெண்வீட்டார், நான் எடுத்துப் போட்ட அரக்கைத் தள்ளிவைத்து, "இது மெரூனுங்க, எங்களுக்கு அரக்குதான் வேணும்" என்று உங்கள் பக்கத்தையே எடுத்து நீட்டினார்கள். காஞ்சிபுரத்தில் தறிக்காரன் வாய்க்கு அவ்வளவுதான் மதிப்பு. சரி, இருக்கட்டும்.

புரசு, இலந்தை மரங்களில் பூச்சி கட்டும் பிசின்தான் அரக்கு. அதிலிருந்து எடுத்த சாயம் சிவப்பு. ரசாயனச் சாயம் வந்த பிறகும் பெயர் போகவில்லை. 'அரக்கத்து அன்ன செந்நிலப் பெருவழி' என்று அகநானூறு 14ஆம் பாட்டே செம்மண் வழியைச் சொல்கிறது. தமிழ்ப் பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாததா?

என் அப்பா சாயம் போட்டவர். தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூல் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் இருக்கும். கோலில் மாட்டி முறுக்கிப் பிழிந்து, வெயிலில் உதறிக் காட்டுவார். அப்போதுதான் சிவப்பு எட்டிப்பார்க்கும். அலுவலக விளக்கில் படத்தைப் பார்த்து நிறம் சொன்னால் பழுப்பாகத்தான் தெரியும்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு தீபாவளி மலரில் மயில் கழுத்தைப் 'பச்சை' என்றீர்கள். பாவு என்கிற நீள நூல் ஒரு நிறம், ஊடை என்கிற குறுக்கு நூல் ஒரு நிறம் போடுவதே மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறி அடிக்கத்தானே? அப்புறம் ஒருமுறை விசைத்தறிப் புடவையின் படத்தைப் போட்டுக் 'காஞ்சிப் பட்டு' என்றீர்கள். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைக் கரைக்கு நாங்கள் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட்டி, பக்கத்தில் இன்னொரு ஆளையும் உட்காரவைத்து நெய்கிறோம். ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு வாங்கி என்ன, ஒரு படக்குறிப்பு போதும் அதைக் கவிழ்க்க. அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை. ராசிக்கல் மாறிப்போனால் மட்டும் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒரே வரி: 'அரக்கு என்பது கருஞ்சிவப்பு.' வேறு இடம் இல்லையென்றால் ராசிபலனுக்குக் கீழேயாவது போடுங்கள். அதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்